கணையத்தின் பின்னால் ஓடும் சிரை

“கட்டி சிரையைத் தொட்டிருக்கிறதாம், டாக்டர். இனி ஆபரேஷன் செய்ய முடியாதா?” கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று தெரிந்ததும், சி.டி. ஸ்கேன் அறிக்கையுடன் வரும் குடும்பத்தார் பலர் கேட்கும் கேள்வி இது. அறிக்கையின் அந்த ஒரு வரி அவர்களின் நம்பிக்கையைக் குலைத்துவிடுகிறது. அதன் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுகுடலிலிருந்து வரும் மேல் குடற்சிரையும், மண்ணீரலிலிருந்து வரும் சிரையும் கணையத்தின் கழுத்துப் பகுதிக்கு நேர் பின்னால் ஒன்றுசேர்கின்றன. நம் மாவட்டத்தில் மார்க்கண்டேய நதி தென்பெண்ணையில் கலப்பதைப் போன்றது அந்தச் சங்கமம். அங்கிருந்து போர்ட்டல் சிரையாக ஏறத்தாழ 8 செ.மீ. ஓடி, அது கல்லீரலை அடைகிறது. கல்லீரல் பெறும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் வழியே வருகிறது. ஆகவே இதை அடைத்துவிட்டுக் கட்டியை எடுக்க இயலாது.

1935-இல் அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிள் வெளியிட்ட அறுவை முறையில் கணையத்தின் தலையும் முன்சிறுகுடலும் அகற்றப்படுகின்றன. கணையத்தின் கழுத்தைச் சிரையிலிருந்து மெல்லப் பிரிப்பது இன்றும் இதில் ஒரு முக்கியமான கட்டம். சிரையின் முன்புறத்தில் பொதுவாகக் கிளைகள் இல்லை; வலப்புறத்தில் நூல் போன்ற மெல்லிய கிளைகள் உண்டு. அவை கிழிந்தால் இரத்தப்போக்கு ஏற்படும்.

கட்டி சிரையைத் தொட்டிருந்தால் கதவு அடைபட்டது என்று பொருளல்ல. 1951-இலேயே மேல் குடற்சிரையின் ஒரு பகுதியை வெட்டி இணைத்த அறுவை பதிவாகியுள்ளது. இன்று அனுபவமுள்ள மையங்களில், பாதிக்கப்பட்ட சிரைத் துண்டை நீக்கி முனைகளைத் தைத்து இணைக்கிறார்கள். சிலருக்கு முதலில் கீமோதெரபி அளித்து, பின்னர் அறுவை செய்வதே நல்லது. சிரையை மீண்டும் இணைக்கவே இயலாத நிலையிலும், அருகிலுள்ள குடல் தமனியைக் கட்டி பாதிக்கு மேல் சூழ்ந்திருக்கும் நிலையிலும் அறுவை முதல் வழியாகாது. மருந்துச் சிகிச்சை தொடங்கப்படும்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, வலியின்றி மஞ்சள் காமாலை வந்து, சிறுநீர் அடர்நிறமாகி, மலம் வெளிறி, உடல் அரித்தால் கீழாநெல்லிச் சாற்றை நம்பி வாரங்களைக் கடத்தாதீர்கள். பித்தக்குழாய் அடைப்பை அது நீக்காது.

இரண்டாவது, குழாய்க்குள் ஸ்டென்ட் வைக்கும் முன்பே, இயன்றவரை கணையத்திற்கான சி.டி. ஸ்கேனை எடுத்துவிடுவது நல்லது. ஸ்டென்ட் வைத்தபின் எடுக்கும் படத்தில் கட்டியின் எல்லை தெளிவாகத் தெரியாமல் போகலாம். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. ஸ்டென்டே முதலில் தேவைப்படலாம்.

மூன்றாவது, ஓசூரிலிருந்து பெங்களூருக்கோ வேறு ஊருக்கோ சென்றாலும், அறிக்கைத் தாளோடு ஸ்கேன் குறுந்தகட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சிரையின் நிலையைத் தாளில் படிப்பது போதாது. அறுவை மருத்துவர் படத்தைத் தாமே பார்க்க வேண்டும்.

“சிரையைத் தொட்டிருக்கிறது” என்ற வரியைப் படித்ததும் முடிவுக்கு வராதீர்கள். “எவ்வளவு தொட்டிருக்கிறது? இணைத்துத் தைக்க இடம் இருக்கிறதா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின் பாதை அந்தப் பதிலிலிருந்தே தொடங்குகிறது.