வெஸ்டா விண்கற்கள்

வெஸ்டா விண்கற்கள் அல்லது எச்இடி விண்கற்கள் என்பவை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றிவரும் வெஸ்டா என்னும் சிறுகோளில் இருந்து சிதறிப் பூமியில் விழுந்தவையாகக் கருதப்படும் விண்கற்கள் ஆகும். ஹோவர்டைட், யூக்ரைட், டயோஜெனைட் என்னும் மூன்று வகைகளின் ஆங்கில முதலெழுத்துக்களே எச்இடி என்பதாகும். விழும்போது காணப்பட்டு மீட்கப்பட்ட விண்கற்களில் ஏறத்தாழ இருபதில் ஒன்று இவ்வினத்தைச் சேர்ந்தது.

வகைகள்

யூக்ரைட் என்பது எரிமலைக் குழம்பு மேற்பரப்பிலோ அதை ஒட்டியோ உறைந்து உருவான பசால்ட் வகைப் பாறை. டயோஜெனைட் ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்தது. பெரும்பாலும் பைராக்சீன் கனிமத்தால் ஆனது. மோதல்களால் உடைந்த இவ்விரண்டின் துண்டுகளும் கலந்து இறுகியதே ஹோவர்டைட்.

சுமார் 525 கிமீ விட்டமே உள்ள ஒரு சிறுகோள் எரிமலைக் குழம்பு உண்டாகும் அளவுக்கு எவ்வாறு சூடேறியது? 1996 இல் இராசத்தானில் விழுந்த பிப்லியா கலான் யூக்ரைட் இதற்கு ஒரு விடை தந்தது. அலுமினியம்-26 சிதைவதால் உண்டாகும் மக்னீசியம்-26 அதில் மிகுதியாக இருப்பதை அகமதாபாத்தின் இயற்பிய ஆய்வுக்கூட அறிவியலாளர்கள் 1999 இல் வெளியிட்டனர். அலுமினியம்-26 இன் அரை வாழ்வுக் காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளே. எனவே அது முற்றிலும் சிதைந்து தீருமுன்பே இப்பாறை உறைந்திருக்க வேண்டும். அக்கதிரியக்கமே சிறுகோளை உருக்கிய வெப்பத்தின் மூலம் எனக் கருதப்படுகிறது.

வெஸ்டாவுடனான தொடர்பு

ஓல்பர்சு 1807 இல் வெஸ்டாவைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே இன்றைய செக் குடியரசில் உள்ள இசுடானெர்ன் என்னும் ஊரில் யூக்ரைட் கற்கள் விழுந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் மெக்கார்டு, ஆடம்சு, ஜான்சன் ஆகியோர், வெஸ்டா எதிரொளிக்கும் ஒளியின் நிறமாலை யூக்ரைட்டின் நிறமாலையுடன் பொருந்துவதைக் காட்டினர்.

ஆயினும் ஒரு தடை இருந்தது. சூரியனில் இருந்து 2.5 வானியல் அலகு தொலைவில், வியாழன் ஒருமுறை சுற்றுவதற்குள் மும்முறை சுற்றும் பாதை உள்ளது. அங்கு செல்லும் துண்டுகளை வியாழனின் ஈர்ப்பு பூமியின் பக்கம் திருப்பிவிடும். வெஸ்டா இருப்பதோ 2.36 அலகில். பெரிய பாறைகள் அவ்வளவு தொலைவு எறியப்பட்டிருக்க முடியாது என்று பலர் ஐயுற்றனர். வெஸ்டாவுக்கும் அப்பாதைக்கும் இடையே அதே நிறமாலை கொண்ட சிறிய சிறுகோள்கள் பரவியிருப்பதை 1993 இல் பின்செல், சூ இருவரும் கண்டறிந்ததும் அத்தடை பெரும்பாலும் நீங்கியது.

துண்டுகள் பெயர்ந்த இடமும் பின்னர் தெரியவந்தது. தென்முனை அருகே ஒரு மாபெரும் குழி இருப்பதை ஹபிள் தொலைநோக்கி காட்டியது. 2011 முதல் 2012 வரை வெஸ்டாவைச் சுற்றிய டான் விண்கலம், ரியாசில்வியா எனப் பெயரிடப்பட்ட அக்குழி ஏறத்தாழ 500 கிமீ அகலமானது என அளந்தது. மேற்பரப்பின் வேதியியல் அமைப்பும் எச்இடி கற்களுடன் ஒத்திருந்தது.

எல்லா யூக்ரைட்டுகளும் வெஸ்டாவில் இருந்து வந்தவை அல்ல. பிரேசிலில் விழுந்த இபிட்டிரா கல்லின் ஆக்சிசன் ஓரிடத்தான்களின் விகிதம் மாறுபடுவதால், அது வேறொரு சிறுகோளைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது.