நிலாவுக்கு ‘பார்சல் சர்வீஸ்’: கம்பெனி விண்கலங்கள் கவிழ்வது ஏன்?

ராஜபாளையம்:-

ராஜபாளையம் மில்லில் இருந்து நூல் வெளியூர் போகணும்னா லாரி செட்டில் சொன்னால் போதும். வாடகை நம்முடையது, வண்டி அவர்களுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இப்படித்தான் பார்சலில் போகிறது. இதே கதைதான் இப்போது நிலாவுக்கும் நடக்கிறது.

அமெரிக்காவின் நாசா, நிலாவுக்கு கருவிகளை கொண்டுபோகும் வேலையை 2018-ம் ஆண்டு முதல் தனியார் கம்பெனிகளிடம் விட்டு வருகிறது. விண்கலம் கம்பெனிக்கு சொந்தம். நாசா வாடகை கொடுக்கும் பார்ட்டி, அவ்வளவுதான். பேசிய தொகைக்கு மேல் செலவானால் கம்பெனி தலையில்தான் விடியும்.

சரி, சரக்கு ஒழுங்காக போய்ச் சேருதா? அங்கேதான் சிக்கல்.

நிலாவில் காற்று கிடையாது. பாராசூட் விரியாது. மணிக்கு சுமார் 6 ஆயிரம் கிலோ மீட்டர் வேகத்தில் சுற்றும் கலம், என்ஜினை எதிர்ப்பக்கமாக எரித்துத்தான் பிரேக் போடணும். அதற்கு, தரை இன்னும் எத்தனை மீட்டர் என்று தெரியணும். லேசர் ஒளியை கீழே அடித்து, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து கணக்கு போடும் மீட்டர் உண்டு. அது மக்கர் பண்ணினால், கண்ணைக் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுற மாதிரிதான்.

2024 பிப்ரவரி 22-ந்தேதி இன்டியூட்டிவ் மெஷின்ஸ் கம்பெனியின் ‘ஒடிசியஸ்’ இறங்கியது. நிலாவில் இறங்கிய முதல் தனியார் கலம் இதுதான். ஆனால் லேசர் மீட்டரின் பாதுகாப்பு சுவிட்சை, கிளம்பும் முன்பே எடுத்துவிட மறந்து விட்டார்கள். ஒரே ஒரு சுவிட்ச்! கால் உடைந்து கலம் சாய்ந்தது. அதே கம்பெனியின் ‘அதீனா’வும் 2025 மார்ச் 6-ந்தேதி உயர மீட்டர் தகராறில் பள்ளத்துக்குள் கவிழ்ந்தது. ஜூன் மாதம் ஜப்பானின் ஐஸ்பேஸ் கம்பெனி கலத்தில் மீட்டர் கணக்கு தாமதமாக வந்ததால், பிரேக் போதாமல் மோதி நொறுங்கியது.

நிமிர்ந்து நின்றது, 2025 மார்ச் 2-ந்தேதி இறங்கிய பயர்பிளை கம்பெனியின் ‘புளூ கோஸ்ட்’. நாசாவின் 10 கருவிகளை இறக்கி 2 வாரம் வேலை செய்தது.

நம்ம நாட்டுக் கம்பெனியும் முயன்றது. பெங்களூரு ‘டீம் இண்டஸ்’, கூகுள் ஆதரவில் நடந்த நிலா போட்டியில் 2015-ல் தரையிறங்கும் தொழில்நுட்பத்துக்காக 10 லட்சம் டாலர் ஜெயித்தது. ஆனால் 2018-ல் ராக்கெட் ஒப்பந்தம் முறிந்தது. போட்டியும் ஜெயித்தவர் இல்லாமலே முடிந்தது.

அரசின் சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23-ந்தேதி பத்திரமாக இறங்கியது. திட்ட இயக்குனர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். சந்திரயான் ஒத்திகைக்கு கொட்டிய ‘நிலா மண்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி பாறையை அரைத்து எடுத்ததுதான்.