எடுத்ததெல்லாம் 'டேக்' அல்ல
ஊர்வழி ஆங்கிலம் – 9

தீபாவளி நெருங்கினால் அரியாங்குப்பத்துக்காரர்கள் துணி எடுக்கப் பாண்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி, கடைசியில் ஆளுக்கொரு சட்டை எடுப்பார்கள். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் 'டேக்' என்று எழுதும். தமிழ் தெரியாத ஒருவர் அதைப் படித்தால், காசு கொடுத்து வாங்கிய விவரமே அவருக்குப் போய்ச் சேராது. சிவப்பு மையில் கோடு போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளை தன் தாய்மொழியைச் சரியாகக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறது. நாம்தான் முதல் வகுப்பிலேயே 'டேக் என்றால் எடு' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டோம்.

அந்த வரி முழுப் பொய்யும் இல்லை. போட்டோ எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், ஓய்வு எடுக்கிறோம். இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் 'டேக்' வரும். இந்த ஒற்றுமைதான் பிள்ளைகளுக்குத் தப்பான தைரியத்தைக் கொடுக்கிறது. கொஞ்சம் நகர்ந்தால் வழி பிரிந்துவிடும். ஆங்கிலக்காரர் பஸ்ஸை 'டேக்' செய்வார், நாம் பிடிப்போம். அவர் மாத்திரையை 'டேக்' செய்வார். நாம் சாப்பிடுவோம் அல்லது போட்டுக்கொள்வோம். பரீட்சையை நாம் எழுதுகிறோம், பதவியை ஏற்கிறோம், நாற்காலியில் உட்காருகிறோம். அங்கே இவை எல்லாவற்றுக்கும் 'டேக்' போதும். அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் போய்ச் சேர நேரம் 'ஆகும்' அல்லது 'பிடிக்கும்'. ஆங்கிலத்தில் அதற்கும் 'டேக்'தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு போகிறோம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். குழந்தையை 'எடுத்துக்கொண்டு' போனால், அது இன்னும் இடுப்பை விட்டு இறங்காத கைக்குழந்தை என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். பொருளுக்கும் நடக்கிற ஆளுக்கும் தமிழ் வைத்திருக்கிற இந்த வித்தியாசத்தை 'டேக்' பார்ப்பதில்லை. குடைக்கும் பிள்ளைக்கும் அதே சொல்.

இனி நம் 'எடு'வின் பக்கம் வருவோம். பசி எடுக்கிறது. பாம்பு படம் எடுக்கிறது. டீச்சர் பாடம் எடுக்கிறார், பிள்ளை தொண்ணூறு மார்க் எடுக்கிறது, பக்தர் காவடி எடுக்கிறார். ஊரை ஒட்டியுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வைப் பற்றி எழுதும்போதும், ரோமானிய வணிகத்தின் தடயங்களைக் 'கண்டெடுத்தார்' என்றுதான் எழுதுகிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றை 'டேக்' போட்டு மொழிபெயர்த்தால் வாக்கியம் நொறுங்கிவிடும். ஆங்கிலத்தில் பசியை யாரும் எதுவும் செய்வதில்லை; ஒருவர் பசியாக 'இருக்கிறார்', அவ்வளவுதான்.

ஏன் இப்படி? அன்றாடம் அதிகம் புழங்கும் வினைகள் நாளாக ஆகத் தம் சொந்தக் கனத்தை இழந்து, பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லிடமிருந்து பொருளை வாங்கிக்கொள்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ எஸ்பெர்சன் 1942இல் வெளிவந்த தம் நூற்பகுதியில் இத்தகைய வினைகளை 'எடை குறைந்த வினை' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார். பசி எடுக்கிறது என்னும்போது செய்தியைச் சொல்வது பசிதான். 'எடு' வாக்கியத்தை நிற்கவைக்கிறது. எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பது அந்தந்த மொழியின் பழக்கம். தர்க்கத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டும் படித்தும்தான் பிடிபடும்.

புதுச்சேரி மண்ணில் இதைச் சோதிக்க மூன்றாவது மொழி ஒன்றும் கைவசம் இருக்கிறது. பிரெஞ்சில் 'ப்ராந்த்ர்' என்ற வினை பஸ்ஸுக்கும் மருந்துக்கும் போட்டோவுக்கும் 'டேக்' போலவே வரும். பரீட்சை என்றதும் விலகிக்கொள்ளும். அங்கே 'பாஸே' என்ற வினை வந்துவிடும். பிரெஞ்சு மாணவர் பரீட்சையை 'பாஸே' செய்தேன் என்றால் எழுதினார் என்றுதான் அர்த்தம். தேறினாரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

'டேக்' ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு 'நிமன்' என்ற சொல் இருந்தது. கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் 'டாகா' அதை மெல்ல மெல்ல ஒதுக்கிவிட்டது. ஜெர்மன்காரர்கள் தங்கள் 'நேமன்' என்ற வினையை இன்றும் விடவில்லை. ஆங்கிலத்திலோ, மரத்துப்போன நிலையைக் குறிக்கும் 'நம்ப்' என்ற சொல்லுக்குள் அந்தப் பழைய வினை ஒளிந்திருக்கிறது. உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பது அதன் அடிப்பொருள். பெயர்ச்சொற்களை மொழிகள் தாராளமாகக் கடன் வாங்கும். தினமும் நூறு தடவை வாயில் புழங்கும் ஒரு வினையையே மாற்றிக்கொள்வது அபூர்வம். இரண்டு இனத்தாரும் எவ்வளவு நெருங்கிக் கலந்து வாழ்ந்திருந்தால் அது நடந்திருக்கும்!

நம் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது 'டேக்'குக்குப் பின்னால் வரும் குட்டிச் சொற்கள். 'டேக் ஆஃப்' என்றால் சட்டையைக் கழற்றுவது. விமானம் மேலே கிளம்புவதும் அதுவே. 'டேக் ஆஃப்டர்' என்றால் அப்பாவையோ அம்மாவையோ உரித்து வைத்த மாதிரி இருப்பது. 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பேற்பது. இது விசித்திரமான ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். எடுத்துக்கொள், எடுத்துவிடு, எடுத்துவை, எடுத்துக்கொடு என்று நாமும் வால் சேர்க்கிறோம். நம் வால் இன்னொரு வினை. அவர்கள் வால் ஒரு சின்ன இடைச்சொல். 'எடுத்துவை' என்பதற்கும் 'எடுத்துவிடு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாலு வயதுப் பிள்ளை அறியும், யாரும் பாடம் எடுக்காமலே.

அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட இந்தக் காலத்தில் ஆங்கிலப் பாரம் பிள்ளைகள் மேல் கூடியிருக்கிறது. ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் வேண்டிக் கேட்கிறேன்: நோட்டில் ஒரு பக்கம் வினை, மறுபக்கம் அர்த்தம் என்று எழுதவைக்காதீர்கள். பஸ், மாத்திரை, பரீட்சை, போட்டோ என்று பெயர்ச்சொல்லை முதலில் எழுதவைத்து, அதனோடு ஆங்கிலத்தில் எந்த வினை சேர்கிறது, தமிழில் எது சேர்கிறது என்று அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள். துணி என்ற வரியில் தமிழுக்கு 'எடு' வரும், ஆங்கிலத்துக்கு 'பை' வரும். பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த வாரம் 'ரன்'. ஆக்ஸ்போர்டு பேரகராதியில் இந்த ஒரு வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தெழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் ஆனது.