சொன்னவர் யார்?

செய்தித்தாளில் ஓர் ஊழல் வெளிவந்தால், அதை எழுதியவர் பெயரை நாம் காண்கிறோம். சான்று கொடுத்தவர் பெயர் அச்சேறுவதில்லை. தெரிந்தால் அவர் வேலை போகலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஆகவே, "உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன்" என்று கொடுத்த வாக்கைக் காப்பது பத்திரிகையாளரின் தலையாய கடமையாகும்.

போபர்ஸ் பீரங்கி பேரத்தைப் பற்றிய ஆவணங்களைச் சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 1988-இல் வெளியிட்டது. அவற்றைச் செய்தியாளர் சித்ரா சுப்ரமணியத்திடம் தந்தவர் ஸ்வீடன் நாட்டுக் காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். 2012-இல் அவரே முன்வந்து சொல்லும்வரை அந்த இரகசியம் காக்கப்பட்டது.

அன்று கையிலிருந்தவை காகிதங்கள்; வாயைக் காத்தால் பெரும்பாலும் போதும். இன்று கையிலிருப்பது செல்போன். நாம் மௌனமாயிருந்தாலும் அது பேசிவிடும். எவ்வாறு?

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல்லுக்கு அஞ்சலட்டை எழுதினால் வழியில் எவரும் படிக்கலாம். உறையிலிட்டு ஒட்டினால் படிக்க இயலாது. 'சிக்னல்' போன்ற செயலிகள் செய்தியை இப்படி மூடியே அனுப்புகின்றன. ஆனால் உறையின்மேல் முகவரியும் தபால் முத்திரையும் தெரியுமல்லவா? அதுபோல, சாதாரண அழைப்பில் யார் யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்பது தொலைபேசி நிறுவனத்தின் கணக்கில் பதிவாகிறது. புகைப்படத்துக்குள்ளும் எடுத்த நேரமும் இடமும் ஒளிந்திருக்கக்கூடும்.

இதனினும் கொடியது, கடிதம் எழுதும்போதே முதுகுக்குப் பின் நின்று படிப்பது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம் உருவாக்கிய 'பெகாசஸ்' உளவு மென்பொருள் இத்தகையது. நாம் எதையும் தொடாமலே செல்போனுக்குள் புகவல்லது. இந்தியப் பத்திரிகையாளர் பலரின் எண்களும் அதன் இலக்காக இருந்திருக்கலாம் என்று 2021 ஜூலையில் செய்தி வெளியானது. என். ராம், சசி குமார் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். செய்தி தருவோரைப் பாதுகாப்பது பத்திரிகைச் சுதந்திரத்தின் அடிப்படைகளுள் ஒன்று எனக் கூறிய நீதிமன்றம், அவ்வாண்டு அக்டோபர் 27-இல் நிபுணர் குழுவை அமைத்தது. குழு ஆராய்ந்த 29 கருவிகளுள் 5-இல் தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்பது உறுதிப்படவில்லை.

ஆகவே, விழிப்புள்ள செய்தியாளர் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு நேரில் சந்திக்கிறார். மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிக்கிறார். தேவையற்ற செய்திகளை அழித்துவிடுகிறார். இல்லாத ஒன்றை எவராலும் திருட முடியாதல்லவா?

மாணவியராகிய நமக்கும் இதில் பாடமுண்டு. தோழி நம்பி அனுப்பிய செய்தியைப் படமெடுத்துப் பிறருக்கு அனுப்புவது ஒரு நொடி வேலை. போன நம்பிக்கையைத் திரும்பப் பெறுவதோ எளிதன்று. விரல் அழுத்துமுன் ஒரு கணம் சிந்திப்போமாக!