சீனி சூடானால் அதன் அதிர்வு ஏன் தளர்கிறது?

படிவம் 4 வேதியியலில் ‘இகாத்தான் ஹிட்ரோஜென்’ படித்திருப்பீங்க. வெப்பம் ஏறினால் ஹைட்ரஜன் பிணைப்பு என்ன ஆகும் என்று கேட்டால், பலரும் “அறுந்துவிடும்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கொதிக்கும் நீருக்கு அது சரி. ஆனால் கிண்ணத்தில் இருக்கும் சீனியை 30 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால்? ஒரு மணிகூட உருகாது. அங்கே பிணைப்பு அறுவதில்லை, தளர்கிறது. இந்தத் தளர்ச்சியை அளந்து காட்டுவது டெராஹெர்ட்ஸ் நிறமாலை.

ஒரு டெராஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வுகள். அலைநீளம் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட பகுதி அது. மூலக்கூறுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இழுபடும் அதிர்வு 100 டெராஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அதைவிட மிக மெதுவான இந்த வட்டாரத்திலோ முழு மூலக்கூறுகளே அண்டை மூலக்கூறுகளோடு சேர்ந்து ஆடுகின்றன. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகள் ஒன்றுசேர்ந்து மினுக்குவதைப் பார்த்திருக்கீங்களா? கிட்டத்தட்ட அப்படி ஒரு கூட்டாட்டம். மூலக்கூறுகளைக் கோத்துப் பிடித்திருக்கும் சுருள்வில்தான் ஹைட்ரஜன் பிணைப்பு.

ஒழுங்கான படிகம் இருந்தால்தான் இந்தக் கூட்டாட்டம் தெளிவாகத் தெரியும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் ஆய்வாளர்கள் 2003இல் சர்க்கரை வகைகளை வைத்து இதைக் காட்டினார்கள். படிகச் சர்க்கரையில் கூரிய உறிஞ்சல் முகடுகள். ஒழுங்கில்லாத கண்ணாடி நிலையில் வெறும் வழவழப்பான கோடு. கற்கண்டுக்கும் பாகு காய்ச்சிச் செய்த கண்ணாடி மிட்டாய்க்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வெப்பம். சுருள்வில்லின் அதிர்வெண் அதன் விறைப்பைப் பொறுத்தது. நிஜப் பிணைப்போ சமச்சீரான வில் அல்ல: அமுக்குவது கடினம், இழுப்பது எளிது. அதனால் சூடாகும்போது சராசரி இடைவெளி கூடுகிறது, வில் தளர்கிறது, முகடு குறைந்த அதிர்வெண் பக்கம் நகர்கிறது. குளிர்வித்தால் நேர்மாறு. எல்லா முகடும் இப்படி ஒழுங்காக நடக்கும் என்று எழுதிவிடாதீர்கள். படிகம் ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் விரியலாம். சில முகடுகள் அசையவே அசையாது, சில எதிர்ப்பக்கமும் போகும்.

நகர்வதோடு முகடு அகலமும் ஆகிறது. ஒரு காரணம், அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதிச் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் சுமார் 6 டெராஹெர்ட்ஸுக்குச் சமம். ஆகவே 1, 2 டெராஹெர்ட்ஸ் அதிர்வுகளில் பல மூலக்கூறுகள் ஏற்கெனவே மேல்படியில்தான் நிற்கின்றன. அங்கிருந்து ஏறும் படியின் உயரம் சற்று வேறு. எல்லாம் கலந்து மேடு பரந்துவிடுகிறது. திரவ நைட்ரஜனில், அதாவது -196 பாகையில், குளிர்வித்தால் ஒரே மேடு போல் தெரிந்தது சில வேளை இரண்டு முகடாகப் பிரிந்து நிற்கும்.

இந்தச் சிந்தனைக்கு நம்மவர் தொடர்பும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமனும் நெடுங்காடியும் 1940இல் ‘நேச்சர்’ இதழில் குவார்ட்ஸ் பற்றி எழுதினார்கள். அதைச் சூடாக்கிக்கொண்டே போனபோது ஒரு குறிப்பிட்ட கோடு, நம் கணக்கில் ஏறக்குறைய 6.6 டெராஹெர்ட்ஸ், தாழ்ந்து, அகன்று, மங்கியது. 575 பாகையை ஒட்டி படிகமே வடிவம் மாறியது. குவார்ட்ஸில் ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது, உண்மைதான். ஆனாலும் வெப்பம் ஓர் அதிர்வைத் தளர்த்தும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மருந்துத் தூளில் இது விளையாட்டல்ல. ஒரே மருந்து இரண்டு படிக வடிவில் இருக்கலாம். கரையும் வேகம் மாறலாம். பால்மாவில் உள்ள லாக்டோஸ் மாத்திரையிலும் நிரப்பியாகச் சேர்கிறது. அதன் நீர்கொண்ட படிகத்துக்கு 0.53 டெராஹெர்ட்ஸில் ஒரு கூரிய முகடு உண்டு. அப்படி முகடு பார்த்து வடிவத்தை அடையாளம் காண்பவர், மாதிரி எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதைக் குறிக்காவிட்டால், வெப்பத்தால் நகர்ந்த முகட்டை வேறொரு வடிவம் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு.