அழுது தீராத துக்கம்

கரிசல் காட்டு ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டிற்கு வரும் பெண்கள் வாசலில் நின்று ஒப்புக்கு விசாரித்துவிட்டுப் போவதில்லை. தெருமுனையிலிருந்தே குரலெடுத்து அழுதுகொண்டு வருவார்கள். வீட்டுப் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு, வட்டமாக அமர்ந்து, இறந்தவரின் நன்மைகளையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவார்கள். குருமடத்தில் பயின்று பட்டம் பெற்று வந்த புதிதில் எனக்கு இது பிடித்ததில்லை. உயிர்ப்பை விசுவசிக்கும் கிறிஸ்தவர்களுக்கு இத்துணை அழுகை எதற்கு என்று பிரசங்கத்தில் கடிந்துகூட இருக்கிறேன். அந்த அழுகைக்குள் எத்துணை பெரிய மருத்துவம் அடங்கியிருந்தது என்பதை, அது இல்லாமற்போன காலத்தில்தான் அறிந்துகொண்டேன்.

ஊர் அடங்கிய நாள்கள்

2020 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மாதம் 25 ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. இருபத்தொரு நாள் என்று தொடங்கியது, மேலும் மேலும் நீண்டது. இளையரசனேந்தல் வட்டாரத்து மக்களுக்கு மழை பெய்தால் விவசாயம்; பொய்த்தால் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளும் சிவகாசிப் பட்டாசுத் தொழிலும் சங்கரன்கோவில் விசைத்தறிகளுமே கதி. ஆலைகள் மூடின, தறிகள் ஓய்ந்தன, பேருந்துகள் நின்றன. நாட்கூலி பெற்று அன்றன்று அடுப்பெரித்தவர்கள் திண்ணையில் அமர்ந்து தெருவை வெறித்தனர்.

ஆலயங்களும் அடைபட்டன. ஏப்ரல் 5 ஆம் நாள் குருத்து ஞாயிறும், 12 ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவும் மக்களின்றிக் கடந்தன. அதற்குச் சில நாள்களுக்கு முன், மார்ச் 27 ஆம் நாள் மாலையில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் மழை பெய்துகொண்டிருந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் தன்னந்தனியே நின்று உலகிற்காக மன்றாடிய காட்சியை நம்மில் பலர் கைபேசியில் கண்டு கண்ணீர் விட்டோம். பள்ளிகளின் நிலையோ இன்னும் கொடிது. முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் நம் குழந்தைகள் 2021 நவம்பர் 1 ஆம் நாள்தான் மீண்டும் பள்ளிவாசலை மிதித்தனர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக அவர்கள் தோழர் முகம் காணாமல் வளர்ந்தனர்.

இவை யாவும் உயிரைக் காக்கவே செய்யப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆறடி தள்ளி நின்றதால் பிழைத்தவர் பலர். ஆயினும் அந்த ஏற்பாட்டிற்குச் ‘சமூக இடைவெளி’ என்று பெயர் வைத்தது பொருந்தவில்லை. ஒருவர் தெருவில் மற்றவர் நடக்கலாகாது என்று சாதியின் பெயரால் வகுத்த சமூக இடைவெளியை நம் கிராமங்கள் நெடுங்காலமாக அறியும். அந்தப் பாவத்தின் வாடை அச்சொல்லில் வீசிற்று. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே ‘உடல் இடைவெளி’ என்ற சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டது. உடல்கள் விலகி நிற்கட்டும். உறவுகள் விலக வேண்டாம் என்பதே அதன் கருத்து. நாமோ உடலோடு உள்ளத்தையும் சேர்த்தே விலக்கி வைத்தோம்.

ஒரு தாயின் திண்ணை

2021 ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் அலை வீசியபோது, நான் அறிந்த ஒரு தாயின் கணவர் இறந்தார். உடலைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தார்கள். முகம் காட்டவில்லை. நான் கவச உடை அணிந்து, விலகி நின்று, சுருக்கமாக மந்திரித்தேன். சுற்றத்தார் வரவில்லை, வந்த சிலரும் அருகில் வரவில்லை. அந்தத் தாய் ஒரு மூலையில் நின்றார், அழவுமில்லை. ‘என்ன திடமான விசுவாசம்!’ என்று நான் உள்ளுக்குள் வியந்தேன். பின்னர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, “செபமாலை சொல்லுங்கள் அம்மா, ஆண்டவர் ஆறுதல் தருவார்” என்றேன். அத்துடன் என் கடமை தீர்ந்ததாக எண்ணிக்கொண்டேன்.

தொற்று ஓய்ந்து, ஆலயங்கள் திறந்து, திருவிழாக்களும் களைகட்டின. அந்தத் தாயை மட்டும் காணவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று எல்லாக் கல்லறைகளிலும் மெழுகுதிரி எரிய, ஒரு கல்லறை மட்டும் இருண்டு கிடந்தது. அன்று மாலையே அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தேன். “வயசாயிட்டு சாமி, வேற ஒண்ணுமில்ல” என்றான் மகன். அவரோ எலும்புந்தோலுமாக இருந்தார். நள்ளிரவு கடந்து விழித்தால் பின்பு உறக்கமில்லை, சோறு இறங்குவதில்லை, கதவு தட்டும் ஒலி கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது என்று மருமகள் சொன்னாள்.

நெடுநேரம் கழித்து அந்தத் தாய் வாய் திறந்தார். “அவுக மொகத்தக்கூட நான் பாக்கலியே சாமி. உள்ள இருந்தது அவுகதானான்னு ராத்திரியெல்லாம் நெனைக்கேன். யாரும் என் கையப் புடிக்கலியே.”

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவர் கையைப் பற்றிக்கொண்டேன். ஒன்றரை ஆண்டாகக் கெட்டிப்பட்டிருந்த துக்கம் அன்று கரைந்தது.

சோர்வு பாவமன்று

அன்பர்களே, இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. பெருந்தொற்றின் முதலாண்டில் பதற்ற நோயும் மனச்சோர்வும் உலகெங்கும் ஏறத்தாழ 25 விழுக்காடு பெருகின என்றும், இளைஞரும் பெண்களுமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் 2022 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் தெரிவித்தது. நம் நாட்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 2020 இல் 1,53,052 பேர். 2021 இல் 1,64,033 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. 2021 இல் மாண்டோரில் நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளர். அத்தனை சாவுக்கும் கொரோனாவே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும் அவற்றைக் கேட்டும் கேளாதவராய் இருக்க நமக்கு உரிமையில்லை.

மனச்சோர்வு விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் அரசர்கள் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்பார்களாக. கார்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா இறைவாக்கினரே பாலைவனத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ் விழுந்து, தமக்குச் சாவு வரட்டும் என்று வேண்டுகிறார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உபதேசமும் செய்யவில்லை. உறங்கவிட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டு, மீண்டும் உணவு தந்தார். அதன் பின்னரே இறைவன் பேசினார். நானோ அந்தத் தாயிடம் முதலிலேயே பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

திருச்சபையும் இதில் வளர்ந்தே வந்திருக்கிறது. மனமறிந்து தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983 ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் அத்தடை இல்லை. கடுமையான மனநோயும் பேரச்சமும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களது மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992 இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆகவே அப்படிப்பட்ட இழப்பிற்குள்ளான குடும்பங்கள் வெட்கித் தலைகுனிந்து ஒதுங்க வேண்டியதில்லை. அவர்களை ஒதுக்குவோரே வெட்கப்பட வேண்டும்.

மன்றாட்டும் மருந்தும்

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெடுதல், பிடித்த வேலையிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை அல்லது அழவே இயலாத மரத்த நிலை, ‘நான் பாரம்’ என்ற பேச்சு ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மனச்சோர்வுக்கான மருந்து சில வாரங்கள் சென்றே பலன் தரும்; இரண்டு நாளில் குணமில்லை என்று நிறுத்தலாகாது. குணம் கண்டதும் தாமாகவே விட்டுவிடுவதும் தவறு. புனித அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்வதை நான் தடுக்கவில்லை. திருத்தலத்திற்குப் போகும் அதே கால்கள் மருத்துவமனைக்கும் போகட்டும் என்கிறேன்.

சாக நினைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் விளையாட்டு என்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ உதவி எண்ணான 14416 இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. தமிழக அரசின் 104 என்ற எண்ணும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. எனவே வழக்கு வருமோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம்.

இனியும் போகலாம்

அந்தத் தாய் மருத்துவம் பெற்றார். சில வாரங்களில் உறக்கம் திரும்பியது. பின்னர் ஒரு நாள் அவர் கணவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். அன்று வர இயலாமற்போன உறவினரை எல்லாம் ஆளனுப்பி அழைத்தோம். திருப்பலி முடிந்து கல்லறைக்குச் சென்றபோது, பெண்கள் அவரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இறந்தவரின் நன்மைகளைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். இம்முறை நான் கடிந்துகொள்ளவில்லை. அழுகை அடங்கும்வரை ஓரமாக நின்றிருந்தேன். அன்றிரவு அவர் எல்லாரோடும் அமர்ந்து சோறு உண்டதாக மருமகள் சொல்லியனுப்பினாள்.

ஆண்டுகள் கடந்துவிட்டனவே, இனிப் போய் என்ன விசாரிப்பது என்று தயங்க வேண்டாம். துக்கத்திற்குக் கெடு கிடையாது. அக்காலத்தில் இறந்தவரின் வீடு, வேலை இழந்து கடனில் அமிழ்ந்தவரின் வீடு, படிப்பை விட்டு அறைக்குள் அடைந்த பிள்ளையின் வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புமுன் அங்கே போங்கள். உபதேசம் வேண்டாம். திண்ணையில் சற்று அமர்ந்து, “அன்றைக்கு வர முடியவில்லை, இன்று வந்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். மற்றதை அவர்கள் சொல்வார்கள்.