கிறீச்சிடும் பெல்ட்டுக்குச் சோப்பு மருந்தல்ல

பழைய மாருதி 800 ஒன்றை மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தால், சில நேரம் அது தெருவையே எழுப்பிவிடும். பானட்டுக்குள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம். அரை நிமிடம் நீடித்துத் தானாக அடங்கும். அடங்கிவிட்டதே என்று வண்டிக்காரரும் கிளம்பிவிடுவார். ஆனால் சத்தம்தான் அடங்கியிருக்கிறது, கோளாறு அப்படியே இருக்கிறது.

ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் போய்விடுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் கடுமையாக உழைக்கிறது; அப்போது அதைச் சுழற்றுவது கடினம். தளர்ந்த பெல்ட் அந்தச் சுமையை இழுக்க முடியாமல் புல்லியில் வழுக்குகிறது. பனி ஈரம் இருந்தால் இன்னும் மோசம். பேட்டரி ஓரளவு நிரம்பியதும் சுமை குறையும், சத்தமும் நிற்கும். இரவில் ஹெட்லைட் போட்டதும் கத்துவதும் இதே காரணத்தால்தான். ஏசி போட்டால் மட்டும் கத்துகிறதென்றால் கம்ப்ரஸரைச் சுழற்றும் தனி பெல்ட்டைப் பாருங்கள்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். ரேடியேட்டர் ஃபேனுக்குத் தனி மோட்டார் உண்டு. ஆனால் வாட்டர் பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் ஒரே வி-பெல்ட்டை நம்பியிருக்கின்றன. அது வழுக்கினால் பேட்டரி நிரம்பாது. இன்ஜினுக்குள் தண்ணீரும் சரியாக ஓடாது. அறுந்தே போனால் டேஷ்போர்டில் முதலில் பேட்டரி விளக்கு எரியும், பிறகு வெப்ப முள் ஏறும். ‘பேட்டரி விளக்குதானே, வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டிக்கொண்டே போனவர்களுக்கு ஹெட் கேஸ்கெட் செலவு வரை இழுத்துவிடும்.

வி-பெல்ட் பிடிப்பது அடிப்பக்கத்தால் அல்ல. சரிந்த இரு பக்கவாட்டுகளும் புல்லியின் பள்ளத்தில் ஆப்பு போல இறுகுவதால்தான் அது இழுக்கிறது. பக்கவாட்டு தேய்ந்தால் பெல்ட் உள்ளே இறங்கி அடித்தளத்தில் உட்கார்ந்துவிடும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அந்தப் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வழுக்கி வழுக்கிச் சூடேறிய பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல வழவழப்பாகிவிடும், அதையும் மாற்றத்தான் வேண்டும்.

சத்தம் எதனால் என்று தெரிய எளிய சோதனை உண்டு. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, சட்டைக்கை, துப்பட்டா, கூந்தல் எதுவும் அருகில் போகாமல், சற்றுத் தள்ளி நின்று பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். கிறீச்சல் அதிகமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஒரு கணம் நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. குருவி கத்துவது போல விட்டுவிட்டு வரும் சத்தமும் பெரும்பாலும் அந்தக் கோணலைத்தான் சொல்லும்.

பல ஒர்க்‌ஷாப்களில் இரண்டு குறுக்குவழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சோப்போ பிசின் ஸ்பிரேயோ தடவுவது. சத்தம் அப்போதைக்கு நிற்கும். பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக்கொண்டு சில நாட்களில் மறுபடி கத்தும்; காரணமும் மறைந்துவிடும். இரண்டாவது, கம்பி போட்டு நெம்பி இறுக்குவது. இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மிகையான இழுவை ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் வாட்டர் பம்ப் பேரிங்கையும் தின்றுவிடும். பம்ப் பேரிங் ஆடத் தொடங்கினால் சீல் கெட்டு கூலன்ட் ஒழுகும். சில நூறு ரூபாய் பெல்ட்டுக்குப் பார்த்த சிக்கனம் பம்ப்பின் விலையில் முடியும். இரண்டு புல்லிகளுக்கு இடைப்பட்ட நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். துல்லியமான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பெல்ட்டில் ஆயில் பசை இருந்தால் முதலில் ஒழுகும் சீலைச் சரிசெய்யுங்கள். ஆயில் பட்ட ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். அதைத் துடைத்து மறுபடி மாட்டுவது வீண். கசிவை விட்டுவிட்டுப் புதுப் பெல்ட் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

பெல்ட்டை மாற்றும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சூட்டில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலும். ஆல்டர்னேட்டரின் போல்ட்களைத் தளர்த்தி உள்ளே தள்ளினால் புதுப் பெல்ட் எளிதாக ஏறும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல்கள் வெளியே தெரியாமலே அறுந்துவிடும். பழைய பெல்ட் கழன்றிருக்கும் அந்த நேரம் பொன்னானது. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் சத்தத்துக்கு பேரிங்கும் காரணம்.

பெல்ட்டைக் கண்ணளவில் வாங்காமல், பழையதில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்கள். நல்ல பெல்ட்டுக்காக அலையவும் வேண்டியதில்லை. மதுரை கோச்சடையில் பென்னர் ஆலை வி-பெல்ட் தயாரிக்கிறது.

புதுப் பெல்ட் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், பள்ளத்தில் படியும். அதனால் மாட்டிய சில வாரங்களில் மறுபடி மெக்கானிக்கிடம் போய் டென்ஷன் பார்க்கச் சொல்லுங்கள். பலர் இந்த இரண்டாம் முறையை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.